இதயத்துக்கு நல்ல உப்பு

என் கணவரின் சாவில் எனக்குப் பங்குண்டு. பழியை மட்டும் அவர் தலையில் விட்டுவிட்டேன்.

தேவராஜ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஐம்பது வயதுக்குள் சிறுநீரகம் கெட்டுவிட்டது. உப்பைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிம்மதியாக ஒரு வேளைச் சோறு இறங்கவில்லை... தட்டைத் தள்ளிவிட்டு, பட்டினியாகவே படுத்துவிடுவார்.

விம்கோ நகரில் புதிதாகத் திறந்திருந்த சூப்பர் மார்க்கெட்டில்தான் அந்தப் பாக்கெட்டைப் பார்த்தேன். பச்சை உறையில் சிவப்பு இதயப் படம். 'சோடியம் குறைவு, இதயத்துக்கு நல்லது' என்று பெரிய எழுத்து. நோயாளிக்கென்றே செய்ததாக எனக்குத் தோன்றியது.

பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. இதில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்காமல் உண்ணக் கூடாது.

படித்தேன். ஆம், படித்தேன்! படிக்கவில்லை என்று உங்களிடமும் பொய் சொல்லமாட்டேன். ஆபத்தென்றால் அதையல்லவா பெரிதாகப் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உப்பை ஜாடியில் கொட்டிவிட்டு உறையைக் குப்பையில் போட்டேன்.

அன்று குழம்பை ஊற்றிப் பிசைந்து உண்டவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னிக்கித்தான்மே சோறு சோறா கீது."

அந்த முகத்தைப் பார்த்த பிறகு மருத்துவரிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவாரே... அந்தப் பயம்தான்.

சில வாரங்களில் கைகால் துவண்டு விழுந்தார். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பு தடுமாறுகிறது என்றார்கள். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார் மருத்துவர். நான் வாய் திறக்குமுன் என் நாத்தனார் மல்லிகா முந்திக்கொண்டாள். தம்பிக்கு வாய்க்கட்டுப்பாடே கிடையாது, வெளியே திருட்டுத்தனமாக எதையோ தின்றிருக்கிறான் என்றாள்.

அவர் என் கையைப் பிடித்தார்.

"நா ஒண்ணும் துன்னலமே. நீயாவது சொல்லு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பிடி தளர்ந்தது. விடிவதற்குள் போய்விட்டார்.

அந்த உப்பு இல்லாவிட்டாலும் அவர் பிழைத்திருக்கமாட்டாரோ? இருக்கலாம். ஆனால் மனைவிகூடத் தன்னை நம்பவில்லை என்று எண்ணியா அவர் கண்ணை மூடியிருப்பார்?

நேற்று என் மகன் தன் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டிருந்தான்: "ஒங்க தாத்தா வாயக் கட்டாமத்தான் பூட்டாரு."

நான் அவர்களுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.