ஒன்பதாவது கிண்ணம்

ஒரே இடத்தில் உட்காருகிற ரகம் இல்லை நான். டீ குடிக்கும்போதுகூட அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டேதான் குடிப்பேன். அப்படிப்பட்ட நான், விருத்தாசலத்தில் மூடிக் கிடந்த ஒரு பீங்கான் கம்பெனியின் நிலவறைக்குள் மனித முகமே பார்க்காமல் இருக்கிறேன் என்று பேர் கொடுத்தேன். எல்லாம் போனில் நடந்த ஒரு சண்டையால் வந்தது.

என் வீட்டுக்காரர் குவைத்தில் ஏ.சி. மெக்கானிக். மங்கலம்பேட்டை ஆட்களோடு சேர்ந்து போனவர். கூடப் போனவர்கள் திரும்பி வந்து கடை வைத்து, பேரன் பேத்தியும் எடுத்துவிட்டார்கள். இவர் மட்டும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இருபது நாள் லீவில் வந்துபோவார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான் பீங்கான் பொம்மை செய்கிற யூனிட்டில் பிசிறு எடுக்கிற வேலைக்குப் போய்விட்டு, பூட்டின வீட்டைத் திறந்துகொண்டு உள்ளே வருவேன்.

அன்றைக்கு முதுகு வலி வேறு. “பேச ஆளில்லாம செவுத்தப் பாத்துப் பேசிக்கிட்டு இருக்கேங்க” என்றேன்.

“உனுக்கு ஊரு இருக்குது, யூனிட்டு இருக்குது, பக்கத்து வூடு இருக்குது. ஒரு ரூம்ல அடைஞ்சி கெடக்கறது எப்பிடின்னு உனுக்கு என்னா தெரியும்?” என்றார்.

சுருக்கென்று தைத்தது. “தெரிஞ்சிக்கிட்டு வந்து சொல்றேன்” என்று போனை வைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த ஆராய்ச்சி மேடம் எங்கள் யூனிட்டுக்கு ஆள் தேடி வந்தார். தனியாக அடைபட்ட மனுஷிக்குக் காலம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டுமாம். வெளிச்சமும் சத்தமும் எட்டாத இடம் வேண்டும் என்று அந்த நிலவறையைப் பிடித்திருந்தார். எந்நேரமும் ஒரே பல்பு எரியும். கடிகாரம் கிடையாது, போன் கிடையாது. பசித்தால் பச்சைப் பொத்தான், சுவரில் இருக்கிற பெட்டிக்குள் சாப்பாடு வரும். வெளியே வர வேண்டுமென்றால் சிவப்புப் பொத்தான். அதை எப்போது வேண்டுமானாலும் அழுத்தலாம். அழுத்தாவிட்டால், அவர்கள் மனதில் வைத்திருக்கிற நாள் முடிந்ததும் கதவைத் திறப்பார்கள். அது எந்த நாள் என்று சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்காரர் லீவில் வர ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. “அவரு வர்றதுக்கு முன்னாடி நானே வந்துடுவேன். உயிர் போற விஷயமா இருந்தாலொழிய என்னைக் கூப்புடாதீங்க” என்று மேடத்திடம் ஜம்பமாகச் சொன்னேன். வீட்டுக்காரரிடமும் போனில் அதையேதான் சொன்னேன். நேரத்தைப் போக்க ஒரு பொருள் கொண்டுபோகலாம் என்றார்கள். நான் ஒரு மூட்டை களிமண் கொண்டுபோனேன்.

அதுதான் என் திருட்டுக் கடிகாரம். கையால் பிடித்த ஒரு கிண்ணம் எங்கள் ஊர் நிழலில் காய இரண்டு நாள் ஆகும். கீழே ஈரம் இருக்கும் என்று இன்னும் ஒரு நாள் சேர்த்துக்கொண்டேன். ஒன்று காய்ந்ததும் அடுத்ததைப் பிடிப்பது. பத்தாவது காய்ந்தால் ஒரு மாதம். சிவப்புப் பொத்தானை அழுத்தி வெளியே வந்தால், வீட்டை ஒட்டடை அடித்து, மீன் வாங்கி வைக்கவும் நேரம் இருக்கும். காய்ந்ததா என்று பார்க்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

அந்த நிலவறையை எதற்குக் கட்டினார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். அரைத்த களிமண்ணைப் புளிக்க வைக்கத்தான். மாதக்கணக்கில் ஈரம் காயாமல் கிடந்தால்தான் மண் கைக்கு இழுபடும். ஊரில் மண் வேலை செய்கிற எல்லாருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும்.

முதலில் நடந்தேன். சுவருக்குச் சுவர் நடந்தேன். சுவரைத் திட்டினேன், சாம்பாரில் உப்பு போதவில்லை என்று பெட்டியைத் திட்டினேன். படுத்தால் தூக்கம் வராது. வந்தால், தூங்கினது ராத்திரியா மத்தியானமா என்று தெரியாது. தூக்கத்தை எண்ணிப் பார்த்தேன். கணக்கு கிண்ணத்தோடு ஒத்துவரவில்லை. குட்டித் தூக்கமாக இருக்கும் என்று தள்ளிவிட்டேன். மாதவிலக்கை வைத்துப் பார்க்கலாமென்றால், நாற்பத்தேழு வயதில் அதுவும் ஏற்கெனவே தாறுமாறு. மண் பொய் சொல்லாது என்று மண்ணையே நம்பினேன். கிண்ணத்தைக் கன்னத்தில் வைப்பேன். ஜில்லென்று இருக்கும். இன்னும் நாள் ஆகவில்லை என்று கீழே வைத்துவிட்டு மறுபடியும் நடப்பேன்.

நடக்க நடக்க, அவர் ஒருமுறை அனுப்பின போட்டோ நினைவுக்கு வந்தது. இரண்டடுக்குக் கட்டில், அதற்குக் கீழே பெட்டி, கம்பியில் தொங்குகிற ஈரச் சட்டை. அதைப் பார்த்துவிட்டு, போர்வையைத் துவைக்க மாட்டீங்களா என்றுதான் கேட்டேன். வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. வெளியே போனதும் அவரிடம் முதலில் என்ன கேட்பது என்று வைத்துக்கொண்டேன்: “அந்த ரூம்ல எப்பிடிங்க இருந்தீங்க?” அதைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

ஒன்பதாவது கிண்ணம் பாதி ஈரத்தில் இருந்தபோது கதவு திறந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“எதுக்கு இப்பவே தொறந்தீங்க? இன்னும் ஒரு கிண்ணம் பாக்கி இருக்குது!”

மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அக்கா, உங்க வீட்டுக்காரர் வந்து பதினேழு நாள் ஆச்சு.”

அவர்கள் மனதில் வைத்திருந்த நாள் அன்றைக்குத்தான் முடிந்ததாம். அவர் பல தடவை இங்கே வந்தாராம். கூப்பிடட்டுமா என்று மேடம் கேட்டபோதெல்லாம், வேண்டாம், அவளே வரட்டும் என்று திரும்பிப் போனாராம். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினேன். வெயில் கண்ணில் குத்தியது. டிரைவரை வேகமாகப் போகச் சொல்லி வழியெல்லாம் நச்சரித்தேன்.

வீடு திறந்திருந்தது. அவர் கையில் டீ டம்ளரோடு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். இளைத்திருந்தார்.

“பொத்தான அழுத்துனா வந்துடலாமாம். நீ தெரிஞ்சிதான் வரலன்னு நெனச்சிட்டேன்” என்றார். குரலில் கோபம் இருந்தது, அதற்குக் கீழே பயமும் இருந்தது.

“நாளு தெரியலங்க. சத்தியமா தெரியல. இது காயவே இல்ல” என்று கிண்ணத்தை நீட்டினேன். புளிப்பு மண் கிடங்கில் கிண்ணம் காயும் என்று உட்கார்ந்திருந்த கதையைச் சொன்னேன். யூனிட்டில் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அவர் சிரிக்கவில்லை. வாங்கி, நான் சொன்ன மாதிரியே கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

“இந்த வூட்ல ஒண்டியா எப்பிடி இருந்த?” என்று கேட்டார். “காலைல எழுந்தா என்னா பண்றதுன்னு தெரியல. பக்கத்து வூட்டுல டிவி சத்தம் நின்னா பயமா இருந்துது. இத்தினி வருஷம் எப்பிடி இருந்த?”

நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த கேள்வியை அவர் எனக்கு முன்னால் கேட்டுவிட்டார். நான் ஓவென்று அழுதேன்.

லீவில் மிச்சம் மூன்று நாள்தான் இருந்தது. ஒட்டடை அடிக்கவில்லை, உறவுக்காரர் வீட்டுக்கும் போகவில்லை. அவர் உட்கார்ந்த இடத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். மொட்டை மாடியில் வைத்த கிண்ணம் ஒரே மத்தியான வெயிலில் காய்ந்துவிட்டது. சுடாத பச்சை மண், கொண்டுபோனால் உடையும் என்று சொன்னேன். அவர் கேட்கவில்லை. சட்டைகளுக்கு நடுவில் வைத்துக் கட்டிக்கொண்டார்.

எப்போதும் பஸ் ஸ்டாண்டில் நான்தான் அழுவேன். அவர் ஜன்னல் வழியாக, “அழுவாத, வூட்டுக்குப் போ” என்பார். இந்த முறை பஸ் கிளம்பும்போது அவர் அழுதார். “வூட்டுக்குப் போ” என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை.