கொன்ஸ்ரன்ஸின் மேசைத் தொலைபேசி

கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய ஒழுங்கைத்தான் சொல்வார்கள். "அவ ஒரு வேலையைத் தொட்டா அரைகுறையா விடமாட்டா" என்பார்கள். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், பாவங்கள். அதைக் கேட்கும்போது அவளுக்கு வயிறு பற்றி எரிவது அவர்களுக்குத் தெரியாது. அன்று அந்த வேலையை அவள் அரைகுறையாகச் செய்திருந்தால் இன்று அவளுக்கு ஒரு தம்பி இருந்திருக்கலாம்.

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அவரும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச்சேர, தம்பி ஹியூபேட்டை வளர்க்கிற பொறுப்பு அக்காவின் தலையில் விழுந்தது. அவனுக்கு அப்போது மீசைகூட முளைக்கவில்லை. அவள் டைப்பிங் படித்தாள், பிறகு ஒரு கொம்பியூட்டர் கோர்ஸ் செய்தாள், கொச்சிக்கடைப் பக்கம் ஒரு கப்பல் ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தாள். வருடங்கள் போக, அங்கிருந்த சேர்வர்கள் எல்லாம் அவளுடைய கைக்கு வந்தன. கலியாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் "முதல்ல தம்பிக்கு ஒரு வழி பிறக்கட்டும்" என்று சொல்லித் தள்ளிப்போட்டாள். வழியும் பிறந்தது. போட்டோக்கொப்பி மெஷின் திருத்துகிற தொழிலை ஹியூபேட் பிடித்துக்கொண்டான்.

நல்ல தொழில்தான், காலம்தான் கெட்ட காலம், யுத்த காலம். வயரும் குறடும் நிறைந்த கறுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தமிழ்ப் பையன் கொழும்பில் திரிவதென்றால் மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிவது மாதிரி. யாழ்ப்பாணத்தைக் கலண்டர் படத்தில்கூடப் பார்க்காதவன் அவன். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இருந்தென்ன? அடையாள அட்டையில் பெயர் தமிழிலும் எழுதியிருக்கிறதே, அது போதாதா சோதனைச்சாவடிக்காரர்களுக்கு.

ஆகவே வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. போன இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அக்காவுக்கு ஒரு ரிங்கட். இரண்டு தரம் மணி அடிக்கவிட்டு வெட்டிவிட வேண்டும். காசும் போகாது, சேதியும் சேர்ந்துவிடும். கொழும்பில் அந்த வருடங்களில் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு இதைத்தான் செய்தார்கள். அவள் நிலக்கீழ் தளத்தில் சேர்வர் அறைக்குள் இருந்தால் கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடைக்காது. அப்போது ஒஃபீஸ் நம்பருக்கு அடிப்பான். மேசையில் ஆள் இல்லாவிட்டால் குரல் பதிகிற மெஷின் எடுத்து, செய்தியைச் சொல்லச் சொல்லும். டக்கென்று வைத்துவிடுவான்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வைச்சா குறைஞ்சா போயிடுவாய்?" என்று அவள் ஏசுவாள்.

"மெஷினோட கதைக்க எனக்கென்ன விசரா?" என்று அவன் சிரிப்பான்.

அந்தக் குரல் மெஷினும் அவளுடைய சேர்வர்களில் ஒன்றுதான். யாராவது செய்தி விட்டால் அது சேர்வரின் டிஸ்கில் பதியும், உரியவருடைய மேசைத் தொலைபேசியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். அவர் எடுத்துக் கேட்டதும் விளக்கு அணையும். இரண்டாயிரத்து எட்டில் அந்தச் சேர்வருக்கு மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. விசிறி கத்தியது, அடிக்கடி நின்றுபோனது, உதிரிப்பாகம் எங்கும் இல்லை. மேலிடம் ஒரு பெரிய புதிய மெஷினை வாங்கிக் கொடுத்து, பழையதை அதற்குள் மாற்றச் சொன்னது.

மாற்றுவதென்றால் தூக்கி வைப்பதல்ல. பழைய டிஸ்கில் இருக்கிற அத்தனையையும் ஒரு புள்ளி பிசகாமல் கொப்பி எடுத்து, புதிய மெஷினுக்குள் ஒரு கோப்பாக இறக்குவது. இறங்கியதும் அந்தக் கோப்பு தானும் ஒரு சேர்வர் என்று நினைத்துக்கொண்டு ஓடும். வேர்ச்சுவல் மெஷின் என்கிறார்களே, அதுதான். பழைய உடம்பு போய்விடும், உயிர் புது வீட்டில் குடியிருக்கும். இதற்கு இரண்டு விதி உண்டு. கொப்பி தொடங்குமுன் சேர்வர் செய்கிற வேலைகளை நிறுத்திவிட வேண்டும்; கொப்பி ஓடுகிற நேரத்தில் வருவது பழைய டிஸ்கிலேயே தங்கிவிடும், புதியதற்குப் போகாது. இரண்டாவது, எல்லாம் சரி என்று தெரியும்வரை பழையதை ஒரு கிழமையாவது தொடாமல் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவளே கொன்ஸ்ரன்ஸ்தான்.

அந்த மாற்றத்துக்கு அவள் குறித்த நாள் ஒரு சனிக்கிழமை. ஹியூபேட் கொலன்னாவையில் ஒரு மெஷின் திருத்தப் போவதாகச் சொல்லிவிட்டு, பாண் துண்டை வாயில் கவ்விக்கொண்டே படி இறங்கினான். அவள் ஒஃபீஸுக்குப் போய்ச் சேர்ந்தபோது அங்கே எல்லார் முகமும் வெளிறிக் கிடந்தது. நகருக்கு வெளியே எங்கோ பஸ்ஸில் குண்டாம். குரல் மெஷினை நிறுத்தப் போகிறேன் என்று அவள் சொன்னதும், டெலிபோன் ஒப்பரேட்டர் நேசமலர் எழுந்து வந்து அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளவத்தையில் இருந்து வருகிறவள், மூன்று பிள்ளைகளின் தாய்.

"பிள்ளை, அதை மட்டும் நிப்பாட்டிப் போடாதையும். சனம் அடிச்சு அடிச்சுப் பாக்குது. மேசையிலை ஆள் இல்லாட்டி அதுகள் எங்கை சொல்லுறது? என்ர மூத்தவனும் இன்னும் எடுக்கேல்லை."

கொன்ஸ்ரன்ஸுக்கு மனம் இளகிவிட்டது. யாருக்குத்தான் இளகாது? இடையில் வருகிற செய்திகளைப் பிறகு பழைய டிஸ்கில் தேடி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து, குரல் மெஷினை ஓடவிட்டபடியே கொப்பியைத் தொடங்கினாள். அது ஒன்றும் பெரிய பிழையில்லை. அன்று வேறு ஒன்றும் நடக்காமல் இருந்திருந்தால் பிழையே இல்லை.

மத்தியானம் கொப்பி முடிந்தது. பழையதை நிறுத்திப் புதியதை ஓடவிட்டாள், அழகாக ஓடியது. இனிப் பழைய டிஸ்கைப் பார்ப்போம் என்று திரும்பும்போது மஜீட் நானா வந்து நின்றார். மாளிகாவத்தையில் பழைய கொம்பியூட்டர் வாங்கி விற்கிறவர். டிஸ்கோடு சேர்த்துப் பெட்டிக்கு மேலிடம் விலை பேசி, அவரை அடுத்த மாதம்தான் வரச்சொல்லியிருந்தது.

"தங்கச்சி, லொறிக்கி பாஸ் இன்டைக்கி மட்டுந்தான் கெடச்ச. திங்கக்கெழம ரோட்ட மூடுறாங்களாம், பொறகு எப்ப தொறப்பானுகளோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்" என்றார் அவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உள்ளுக்கு ஒண்டையும் வெச்சித் தந்துடாதீங்க. வழியில மூணு எடத்துல எறக்கிப் பாப்பானுகள்."

அந்த டிஸ்கில் குரல் மட்டுமா இருந்தது? எந்தக் கப்பல் எந்த நாள் வருகிறது, எந்த இடத்தில் கட்டுகிறது என்று வருடக்கணக்கான விபரம் கிடந்தது. அதை ஒரு சோதனைச்சாவடியில் யாராவது திறந்து பார்த்து, இதை யார் கொடுத்தது என்று கேட்டால்? ஒரு தமிழ்ப் பெண். அவளுடைய தம்பி வயர்ப் பையோடு திரிகிறவன். கதை முடிந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அந்த வருடம் கொழும்பில் பேய் நிஜமாகவே வெள்ளை வேனில் ஆட்களைத் தூக்கிக்கொண்டு திரிந்தது.

இடையில் யாருக்காவது செய்தி வந்ததா என்று கேட்க நேசமலரை அழைத்தாள். நேசமலர் மூத்தவன் எடுத்துவிட்ட நிம்மதியில் முன்னேரமே பஸ் பிடித்துப் போயிருந்தாள். பழைய டிஸ்கைத் திறந்து தேட நேரமில்லை, அழிக்கவே பின்னேரமாகிவிடும். சனிக்கிழமையில் யார் என்ன பெரிய செய்தி விடப்போகிறார்கள் என்று கொன்ஸ்ரன்ஸ் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். டிஸ்கை அழித்தாள். சும்மா பெயருக்கு அழிக்கவில்லை. மூலை முடுக்கெல்லாம் பூச்சியத்தை எழுதி, அதற்கு மேல் இன்னொரு தரமும் எழுதி, அவளுடைய வழமையான ஒழுங்கோடு அழித்தாள். மஜீட் நானா வெளியே பிளேன்டீ குடித்து, லொறிக்குள் ஒரு தூக்கமும் போட்டு எழும்பும்போது பெட்டி தயாராக இருந்தது. ஏற்றிவிட்டு, மேலே தன் மேசைக்குக்கூடப் போகாமல், கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தம்பியிடமிருந்து ரிங்கட் வராததை, கீழே சிக்னல் இல்லாததால் வரவில்லை என்று நினைத்தாள்.

பொழுதுபட்டும் அவன் வரவில்லை. அவனுடைய கைத்தொலைபேசி செத்துக் கிடந்தது. கொலன்னாவைக் கடைக்காரன், காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஆள் வரவேயில்லை என்றான். கடைசியில் நேசமலரின் வீட்டுக்கு அடித்தாள்.

"ஓம் பிள்ளை, தம்பி எடுத்தவர்! பத்தரை பதினொண்டு இருக்கும். மூச்சு வாங்கினபடி 'அக்காவைக் குடுங்கோ' எண்டார். நீர் கீழை நிண்டனீர். உம்மடை மேசைக்குக் குடுத்தனான், மெஷின் எடுத்திருக்கும். ஏன், கேக்கேல்லையா?"

ஓட்டோ பிடித்து ஒஃபீஸுக்கு ஓடினாள். காவல்காரன் கதவைத் திறந்துவிட்டான். தூரத்திலேயே தெரிந்தது. அவளுடைய மேசைத் தொலைபேசியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "மாதாவே, மாதாவே" என்று சொல்லிக்கொண்டே ரிசீவரை எடுத்து இலக்கங்களை அழுத்தினாள். புதிய செய்திகள் இல்லை என்றது மெஷின். திரும்ப அழுத்தினாள். இல்லை என்றது.

அவளுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொப்பி ஓடிக்கொண்டிருந்தபோது தம்பி செய்தி விட்டிருக்கிறான். பழைய சேர்வர் அதைப் பதிந்து, விளக்கைப் போடும்படி ஒஃபீஸின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்லியிருக்கிறது. எக்ஸ்சேஞ்சும் போட்டுவிட்டது. புதியதற்கு அப்படி ஒரு செய்தி வந்ததே தெரியாது, ஆகவே விளக்கை அணைக்கச் சொல்லவும் தெரியாது. வாழ்நாளில் மெஷினோடு கதைக்காதவன் அன்றைக்கு ஒரே ஒரு நாள் கதைத்திருக்கிறான். அதைத் தன் கையாலேயே பூச்சியமாக்கிவிட்டு வந்திருக்கிறாள்.

விடிந்ததும் மஜீட் நானாவின் வாசலில் நின்றாள். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் பெட்டியைத் திருப்பித் தந்து, தானும் கூடவே வந்தார். பம்பலப்பிட்டியில் அழிந்த டிஸ்கை மீட்டுக் கொடுக்கிற ஒரு பையன் இருந்தான். அவன் ஞாயிறு என்றும் பாராமல் கடையைத் திறந்து, நெடுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். "ஒரு துண்டுகூட இல்ல மிஸ். யார் அழிச்ச? சரியா வேலை தெரிஞ்ச ஆள்." நானாவுக்கு அங்கே நிற்க முடியவில்லை, வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு பொலிஸ் பொலிஸாக ஏறி இறங்கினாள். கொலன்னாவையில் கேட்டாள், மருதானையில் கேட்டாள், கேட்காத இடமில்லை. அடையாள அட்டைப் படத்தைக் காட்டினால் ஏறிட்டும் பார்க்காமல் "மெஹெ நே, நங்கி" என்றார்கள். இங்கே இல்லையாம், தங்கச்சி. ஓரிடத்தில் ஒருவன் மட்டும் இரங்கி, "ஆளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் நாங்கள் ஏதாவது கேட்டுப் பார்க்கலாம்" என்று சிங்களத்தில் சொன்னான். அந்த இடத்தின் பெயரைத்தான் அவள் அழித்துவிட்டாளே! பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதைதான்.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போவது அவளுடைய பழக்கம். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று அந்த நாட்களில் சைவம், கிறிஸ்தவம், பௌத்தம் என்ற பேதமில்லாமல் சனம் அங்கே நிரம்பி வழிந்தது. சில மாதங்கள் கழித்து ஒரு செவ்வாய், மெழுகுதிரி கொளுத்துகிற இடத்தில் ஒரு மெலிந்த ஆள் அவளுக்கு முன்னால் வந்து நின்றான். மலையகத்துப் பக்கம், லொறியில் கிளீனராக வேலை செய்கிறவன்.

"நீங்க கப்பல் ஒஃபீஸ்ல வேல பாக்குற கொன்ஸ்ரன்ஸ் அக்காதானே? ஹியூபேட் அண்ணன்தான் சொன்னாரு, அக்கா செவ்வாக்கெழம இங்க வரும்னு. நானும் அவரும் ஒரே எடத்துலதான் இருந்தோம்."

"எங்க?" என்றாள் அவள்.

"கொலன்னாவையில எண்ணெய்த் தாங்கிக்குப் பின்னால ஒரு பழைய ஸ்டோர்ஸ். பொலிஸ்கூட இல்லக்கா. குண்டு வெடிச்சதுக்குப் பொறகு ரோட்டுல போன தமிழாளுங்கள அள்ளிக்கிட்டு வந்து அடைச்சாங்க. வாசல்ல நின்ன ஒரு ஆமிப் பையன் நல்லவன், ஒரே ஒரு போன் கோல் எடுக்க விட்டான். சொந்தக்காரங்க தேடி வந்து கேட்டா விட்டுட்டாங்க. என்னைய மொதலாளி வந்து கூட்டிட்டுப் போனாரு. திங்கக்கெழம வரைக்கும் யாரும் வராத ஆளுங்கள வேன்ல ஏத்துனாங்களாம். எங்கன்னு தெரியாது."

"பயந்துபோய் இருந்தவனா?" என்று கேட்டாள்.

"அய்யோ இல்லக்கா. எங்களுக்கெல்லாம் அவருதான் தைரியம் சொன்னாரு. 'எடத்த அக்காவோட மெஷின்ல சொல்லிட்டேன். அவ எதையும் அரைகுறையா விடமாட்டா, வந்துருவா'ன்னு சொன்னாரு. நான் வெளியில வாற வரைக்கும் வாசலையேதான் பாத்துக்கிட்டு இருந்தாரு."

கொன்ஸ்ரன்ஸ் அவனுக்கு நன்றி சொன்னாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். பிறகு நடந்தே ஒஃபீஸுக்குப் போய்த் தன் மேசையில் உட்கார்ந்தாள். அந்தச் சிவப்பு விளக்கு அப்போதும் எரிந்துகொண்டிருந்தது. அணைத்துத் தருகிறேன் என்று வந்த டெலிபோன் கம்பனி ஆளை அவள் இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருந்தாள். ரிசீவரை எடுத்து இலக்கங்களை அழுத்தினாள். புதிய செய்திகள் இல்லை என்றது.

"வாறன்டா தம்பி" என்றாள் அவள் மெஷினிடம். "அக்கா வெளிக்கிட்டுட்டன். அங்கேயே இரு, வாறன்."

நேசமலர் தன் இடத்திலிருந்து எழுந்து வந்து, அவளுடைய கையிலிருந்த ரிசீவரை மெல்ல வாங்கி வைத்தாள்.