ஜாய்சனின் நாக்கு

பிரேசர் டவுனில் ஒரு கூரியர் கிளையில் பார்சல் பிரிக்கிறார் ஜாய்சன். முப்பத்தெட்டு வயது. அதிகம் பேசமாட்டார். பேசினால் 'ர'வும் 'ல'வும் குழைந்துபோகும். சோம்பேறி நாக்கு என்று பள்ளியில் அடித்திருக்கிறார்கள். அவரும் அதை நம்பிவிட்டார்.

மகள் பிறந்து பன்னிரண்டு நாளாகியும் எடை ஏறவில்லை. மார்பைப் பற்றிய வேகத்திலேயே விட்டுவிட்டு வீறிட்டழுதாள். மனைவி ரூபினிக்குக் காம்பெல்லாம் புண். ஜாய்சனால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பிடும்போதே எழுந்து தொட்டிலைப் பார்ப்பார்.

டாக்டர் லாவண்யா குழந்தையின் நாக்கைத் தூக்கிப் பார்த்தார்.

"அடியில சவ்வு இழுத்துப் பிடிச்சிருக்கு. வெட்டிவிட்டா சரியாயிடும். குடும்பத்துல யாருக்காவது இருக்கா?"

ரூபினி கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நாக்க நீட்டுங்க சார்."

நுனி உதட்டைத் தாண்டவில்லை.

"உங்களுக்கும் அதேதான். இத்தன வருஷமா யாரும் சொல்லலையா?"

குழந்தைக்குச் சவ்வை வெட்ட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த அறையில் அவள் விடாமல் பால் குடித்தாள். ரூபினி அழுதேவிட்டாள். ஜாய்சனுக்குச் சந்தோஷம்தான். ஆனால் மறுநாள் வேலைக்குக் கிளம்பியவர் ஆபீஸைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அடித்த வாத்தியாரும் உயிரோடு இல்லை.

"நீங்களும் பண்ணிக்கங்களேன். பயமா?" என்றாள் ரூபினி.

"பயம் ஊசிக்கு இல்ல. வெட்டின அப்புறமும் பேச்சு வரலன்னா? அப்ப தப்பு என் மேலதான்னு ஆயிடுமே."

"பாப்பாவுக்கு மட்டும் உடனே சரின்னீங்க?"

ஜாய்சன் மூன்று வாரம் புரண்டு புரண்டு படுத்துவிட்டு, ஒரு சனிக்கிழமை தானாகவே ஆஸ்பத்திரிக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். மரத்துப்போக ஊசி, பிறகு இருபது நிமிடம். கைப்பிடியை விடவே இல்லை. வெட்டினால் மட்டும் போதாது, தினமும் ஐந்து தடவை நாக்குக்குப் பயிற்சி வேண்டும் என்றார்கள்.

இரண்டு மாதத்தில் 'ல' தெளிந்தது. 'ர' இன்னும் வழுக்குகிறது. போன வாரம் கேஸ் ஏஜென்சிக்கு, ரூபினியிடம் போனை நீட்டாமல், அவரே பேசினார்.

"ஏனு சார்? இன்னொம்மே ஹேளி," என்று கன்னடத்தில் இன்னொரு தடவை சொல்லச் சொன்னது மறுமுனை.

வேர்த்துவிட்டது. அறைக்குள் நடந்தபடியே, நிறுத்தி நிறுத்தி, மறுபடி சொன்னார். சிலிண்டர் பதிவானது.