நான் கொடுத்த சுருதி

பெரிய வியாழன் பூசையில் மணி அடித்து ஓய்ந்தால், உயிர்ப்புத் திருவிழா வரைக்கும் எங்கள் கோயிலில் கீபோர்டைத் தொடக்கூடாது. மணிக்குப் பதில் மரக்கட்டைதான். அதனால் பெரிய வெள்ளியன்று, சனங்கள் சிலுவையை முத்தமிடும் நேரத்தில் எங்கள் பாடகர் குழு பாடும் லத்தீன் பாட்டுக்குத் துணை எதுவும் கிடையாது. இரண்டு நிமிடப் பாட்டு, நான்கு குரல். முதல் சுருதி கொடுப்பவன் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம் என்பது செல்லூரில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

பாட்டு முடியும் தறுவாயில் உச்சத்தில் ஓர் இடம் வரும். அதை என் மனைவிதான் தூக்கிப் பிடிப்பாள். போன வருடம் அவளுக்குத் தைராய்டு ஆபரேஷன் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பழைய குரல் வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டில் கிசுகிசுப்பாகவே பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்காகவே ஒத்திகை முழுக்கக் கீபோர்டில் ஒரு பொத்தானை அமுக்கி, பாட்டை இரண்டு படி இறக்கி வைத்துப் பழகினோம்.

வெள்ளிக்கிழமை மதியம் கீபோர்டு இல்லை. போனில் இருக்கும் சுருதி ஆப்பைக் காதில் வைத்துக் கேட்டு, தாளில் எழுதியிருந்தபடியே கொடுத்துவிட்டேன். ஒத்திகையில் பொத்தான் இறக்கித் தந்த இரண்டு படியை இன்று நானே இறக்கிக் கொடுக்க மறந்துபோனேன். முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. கோயில் நிறைய சனம், நிறுத்த வழியில்லை. இத்தனை பேர் முன்னால் குரல் உடைந்தால் இனி அவள் பாடவே வரமாட்டாள்.

வாத்தியம் இல்லாமல் பாடினால் எங்கள் குழு மெல்லச் சுருதி இறங்கும். அதற்காக எல்லோரையும் வறுத்தெடுப்பவன் நான். அன்றும் வரிக்கு வரி இறங்கிக்கொண்டே வந்தார்கள். உச்சம் வந்தபோது சரியாக இரண்டு படி இறங்கியாகிவிட்டது. அவள் குரல் மெலிதாக, ஒரு கீறல்கூட இல்லாமல் ஏறி நின்றது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆண்டவர் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெளியே பைக் பக்கம் வந்ததும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"கூறு இருக்கா உங்களுக்கு? எம்புட்டு மேல குடுத்தீங்க? எங்கூடப் பாடுன அம்புட்டுப் பேரையும் ஒவ்வொரு வரியா நாந்தான் கீழ இழுத்தாந்தேன்."

பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம். ஐந்து மாதமாக நான் கேட்காத சத்தம். எனக்கு வந்த நிம்மதியில் வண்டியைக் கிளப்பத் தோன்றவில்லை. இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று நின்றேன்.