எந்த ஆற்று மணல்?

நாங்கள் இருக்கும் கனடாச் சமவெளி ஊரில், நவம்பர் பிறந்ததும் கடை வாசலில் மணல் மூட்டைகளை அடுக்கி விற்கிறார்கள். வீடு கட்டுவதற்கல்ல. பிக்கப் ட்ரக்கின் பின்தட்டில் போட்டுக்கொண்டு பனிக்காலம் முழுவதும் சும்மா சுமந்து திரிவதற்கு. காலி பிக்கப்பில் பாரமெல்லாம் எஞ்சின் இருக்கும் முன்பக்கத்தில். பின்சக்கரம்தான் வண்டியைத் தள்ளவேண்டும். அதன்மேல் பாரம் இல்லாவிட்டால் பனியில் சக்கரம் சுழலும், வண்டி நகராது. காரணம் புரிந்தது. மனம்தான் ஒப்பவில்லை.

கரமனை ஆற்றங்கரையில் இதைப் படிப்பவர்களுக்கு ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் டெபுடி தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சர்வீஸில் பாதி, ஆற்று மணலைத் திருட்டுத்தனமாக அள்ளுகிறவர்களின் பின்னால் ஓடியே கழிந்தது. விடிவதற்கு முன் ஜீப்பைக் கண்டால் லாரிக்காரர்கள் "பட்டர் வருந்நே!" என்று மலையாளத்தில் கூவி ஒருவரையொருவர் எச்சரிப்பார்கள். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தும், தமிழ் பேசும் பிராமண வீட்டுக்காரன் என்பதால் அவர்களுக்கு நான் பட்டர்தான். இங்கே நியூகமர். பெயர் வைப்பதில் இரண்டு ஊரும் சோம்பேறிகள்.

கடையில் இருந்த பெண்ணிடம், "இது எந்த ஆற்று மணல்?" என்று கேட்டேன். அவள் மூட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு மேனேஜரைக் கூப்பிட்டாள். அவர் ஓடிவந்து, மூட்டை பிடிக்கவில்லையென்றால் வேறு மாற்றித் தருவதாகச் சொன்னார். மணல் ஏற்ற அனுமதி பாஸ் கிடையாது, சாட்சி வைத்து எழுதும் பறிமுதல் மகஜர் கிடையாது, ஆற்றின் பெயர்கூடக் கிடையாது. ஆறு மூட்டை ஏற்றிக்கொண்டேன். ஏற்றும்போது சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மணல் எனக்கு எதற்கு என்று கேட்கலாம். செவ்வாயும் வெள்ளியும் இங்குள்ள முதியோர் மையத்திலிருந்து சூடான சாப்பாடு எடுத்துப்போய் ஆறு வீடுகளில் கொடுக்கிறேன். சம்பளமில்லாத வேலை. மருமகன் கழித்துவிட்ட பழைய பிக்கப்தான் வாகனம். மகள் மீராவுக்கு இதில் ஆரம்பத்திலிருந்தே சம்மதமில்லை.

முதல் கனத்த பனி விழுந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு வேண்டிய சாட்சியம் கிடைத்தது. எங்கள் தெருமுனையில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. நேராகப் போய் வால்டரின் வேலியோரப் பனிக்குவியலில் மூக்கைப் புதைத்துக்கொண்டது. நிதானமாக வந்ததால் வண்டிக்கும் வேலிக்கும் ஒன்றுமில்லை. வால்டர் எதிர்வீட்டுக்காரர், பழைய கோதுமை விவசாயி. மண்வெட்டியோடு வந்தவர் நேரே பின்தட்டைத்தான் பார்த்தார்.

"மூட்டையையெல்லாம் கடைசியில், கதவை ஒட்டி வைத்தது யார்?"

"நான்தான். கதவைத் திறந்ததும் எண்ணிப் பார்க்கலாம்."

"எண்ணுவதற்கு யார் வருவார்கள்?"

பதினைந்து வருடம் லாரியின் பின்னால் நின்றே சோதனை போட்டவன். சோதனைக்கு வருகிறவன் கண்ணில் படும்படி சரக்கு இருக்கவேண்டும் என்று நானே எத்தனையோ பேருக்கு உத்தரவிட்டிருக்கிறேன். இங்கே அந்த ஒழுங்குதான் என்னைக் கவிழ்த்தது. பின்சக்கரத்துக்கும் பின்னால் பாரம் போனால் முன்பக்கம் லேசாகிவிடும். திருப்புகிற சக்கரங்களுக்குப் பிடிப்பு குறையும்.

மீரா அன்று வேலையிலிருந்து வந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"மதி அப்பா, போதும். சாவியை இங்க வெச்சுடுங்கோ."

"எந்த விதிப்படி?"

"என் விதிப்படி. ஸ்னோ போனப்புறம் ஓட்டிக்கலாம். அதுவரைக்கும் ஆத்துல இருந்தா ஆகாசம் இடிஞ்சு விழுந்துடுமா?"

"ஆறு பேருக்கு சாப்பாடு போகாது."

"அங்க வேற ஆளே கெடையாதா? எழுபத்தொண்ணு வயசாச்சு, கேட்டேளா?"

"அந்த லிஸ்ட்ல நாலு பேர் என்னைவிட சின்னவா. இன்னிக்கு சாவியைக் கொடுத்தேன்னு வை, அடுத்த வருஷம் ஏழாவதா என் பேரை எழுதிடுவா. ஜன்னலண்டை உக்காந்து சாப்பாட்டு வண்டிக்குக் காத்துண்டிருக்கறதுக்கு நான் இவ்வளவு தூரம் வரலை."

அவள் கோட்டைக் கழற்றி மாட்டினாள். பிறகு சொன்னாள்: "செரி. செவ்வாக்கிழமை நானும் வரேன். மையத்துக்குப் போற டாங்க் மேடு ஏறிக் காட்டுங்கோ. முடியலைன்னா சாவி எனக்கு. அப்புறம் மிண்டப்படாது, ஒரு வார்த்தை பேசப்படாது."

இடையில் மூன்று நாள். வண்டியின் கையேட்டை முழுதும் படித்தேன். கதவோரத்தில் ஒட்டியிருந்த பார அளவைச் சரிபார்த்தேன். பின் அச்சுக்கு நேர்மேலே பலகையடித்து ஒரு சட்டம் செய்து, ஆறு மூட்டைகளையும் அதற்குள் அடக்கி, பட்டையால் இறுக்கினேன். பிரேக் பிடித்தால் மூட்டை முன்னால் பாய்ந்து வரக்கூடாது. மூட்டைகளுக்கு இலக்கம் போட்டேன். டாஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்து, பழைய பறிமுதல் படிவத்தின் பத்திகளை நினைவிலிருந்து வரைந்தேன்: இலக்கம், எடை, நிலைமை, மணல் எடுக்கப்பட்ட ஆறு. கடைசிப் பத்தி காலி. மீரா பார்த்துவிட்டுத் தலையிலடித்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் டாங்க் மேட்டில் பாதி ஏறியபோது முன்னால் போன கார் நின்றது. நானும் நின்றேன். அது போனபின் ஆக்ஸிலேட்டரை மெல்ல மிதித்தேன். பின்சக்கரம் சுழன்றது, வண்டி அசையவில்லை. மீரா சாவிக்காக உள்ளங்கையை நீட்டினாள்.

"நழுவலை. நிக்கறது. ரெண்டும் வேற."

"அப்பா!"

கைபிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். ஆறாம் இலக்க மூட்டையைப் பேனாக்கத்தியால் கிழித்தேன். பின்சக்கரங்களுக்கு முன்னால் நாலைந்து கை மணலை அள்ளி இறைத்தேன். ஒரு சட்டி மணலுக்காக ஜீப்பை விரட்டி ஓட்டிய கை இது. ஏறி உட்கார்ந்து மறுபடி மெல்ல மிதித்தேன். மணல் நறநறத்தது, வண்டி ஏறியது. உச்சியில் மையத்தின் வாசலில் நிறுத்தியபோது மீராவின் உள்ளங்கை இன்னும் விரிந்தே இருந்தது. அதில் சாப்பாட்டுப் பட்டியலை வைத்தேன்.

"முதல் வீடு யார், படி."

"சரியான பிடிவாதம்," என்றாள். ஆனால் படித்தாள்.

இன்று வெள்ளிக்கிழமை. தனியாகக் கிளம்புகிறேன். ராத்திரி பெய்த பனி மூட்டைகளின்மேல் வெள்ளையாகப் படர்ந்திருக்கிறது. ஆற்றங்கரையில் பறிமுதல் செய்த மணல் குவியலின்மேல் நாங்கள் சுண்ணாம்பு நீர் தெளித்து வைப்போம். யாராவது ஒரு கை அள்ளினாலும் வெண்மை கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். இங்கே எதுவும் கலையவில்லை. பழக்கதோஷத்தில் எண்ணினேன்: ஐந்து முழு மூட்டை, ஒன்று குறை. நோட்டைத் திறந்து நிலைமையைக் குறித்தேன். கடைசிப் பத்தி இன்னும் காலியாக இருந்தது. மணல் எடுக்கப்பட்ட ஆறு: கரமனை என்று பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய முதல் பொய்ப் பதிவு. திருத்துவதாக இல்லை.