ஆட்டோக்காரர் கேட்ட அறை

பிளேக் பயம் பரவிய வருடம். சூரத்திலிருந்து ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வருபவர்களை ஆறு நாள் பள்ளிக்கூடத்தில் தனியாக வைப்பது என் பொறுப்பு.

அங்கிருந்து தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த ஒரு பெண்ணையும் அப்படித் தங்கவைத்திருந்தேன். ஒரு காலையில் அவளுக்கு வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் விலக்கு உண்டு. ஆனால் ஆட்டோக்காரர்கள் பயந்து மறுத்தார்கள். ஒருவர் மட்டும் வந்தார். நானும் அவருமாக அவளைத் தூக்கி ஏற்றினோம்.

மாலையில் அவர் திரும்பி வந்தார்.

"ஆம்பளப் புள்ள சார், ரெண்டு பேரும் நல்லா கீறாங்க. நான் அந்தம்மாவத் தொட்டுத் தூக்கிட்டேன். ஊட்ல கொயந்தைங்க கீதுங்க. எனக்கும் இங்கியே ஒரு ரூம் குடு சார்."

நானும்தான் தொட்டிருந்தேன். மதியம் வீட்டுக்குப் போய் மகளைக் கொஞ்சிவிட்டும் வந்திருந்தேன்.

பதிவேட்டில் அவர் பெயரை எழுதினேன். அடுத்த வரியில் என் பெயரை எழுத எனக்குத் துணிவு வரவில்லை.