அகலப் பல் சீப்பு

என் தலை அப்போதே வழுக்கை. ஆனாலும் மந்தைவெளியில் ஒரு கொட்டகையில், உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் தள்ளும் கைமெஷின் ஒன்றை வைத்துக்கொண்டு, ஊருக்கெல்லாம் சீப்பு வார்த்து விற்றேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளின் கடைசியில் என் மனைவிக்கு டைபாய்டு வந்தது. படுத்தே கிடந்ததில் கூந்தல் சிக்குப் பிடித்துவிட்டது. என் நெருக்கமான பல் சீப்பு பிய்த்து இழுக்கும், அவள் அழுவாள். பல் அகலமாக ஒன்று செய்து தருவதாகச் சொன்னேன்.

அச்சை நானே வெட்டினேன். மேதாவி அல்லவா, பல்லுக்கான பள்ளங்களின் ஓரங்களைச் செங்குத்தாக வெட்டிவிட்டேன். பிளாஸ்டிக் ஆறியதும் பற்கள் அச்சைக் கவ்விக்கொண்டு உடைந்தன. உடைந்ததைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இன்னாய்யா, சீப்பு கேட்டா கெழவி வாயைக் கொண்டாந்துகீறே?" என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்துவிட்டது.

பள்ளத்தின் ஓரங்களைச் சற்றே சரிவாக அராவினால் வார்ப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இது என் மண்டையில் ஏறப் பல நாளாயிற்று. பல் உடையாத சீப்போடு வீட்டுக்கு ஓடினேன். அதற்குள் அவள் போய்விட்டிருந்தாள். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள்.

தலையை நானே வாரினேன். ஓரிடத்தில் சிக்கில் சீப்பு நின்றது.

"நோவுதா?" என்று கேட்டுவிட்டேன்.